சிப் இருக்கிறது என்ற தைரியத்தில் விமானம் ஏறாதீர்கள்!

உஷார்! சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ லண்டனுக்கோ, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் கிரெடிட் கார்டைக் கையில் எடுங்கள். முன்பக்கத்தில் பளபளக்கும் சிப்பை விடுங்கள், அதைத்தான் தினமும் பார்க்கிறோமே. கார்டைத் திருப்புங்கள். பெரும்பாலான கார்டுகளில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அதன் அருகில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். சிப் வந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் கார்டுத் திருடர்கள் பிழைப்பு நடத்துவது பெரும்பாலும் இந்த இரண்டை வைத்துத்தான்.

“சிப் கார்டுதானே, ஒன்றும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. சிப் நல்ல பாதுகாப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது செய்வது ஒரே ஒரு வேலை. உங்கள் கார்டைப் பார்த்து இன்னொரு கார்டை எவனும் செய்துவிடாதபடி தடுக்கிறது. கார்டே தொலைந்துபோனாலோ, கார்டு எண் வெளியே போனாலோ, யாரிடமாவது ஏமாந்து நீங்களே ஓ.டி.பி.யைச் சொன்னாலோ, வெளிநாட்டுக் கடையில் நீட்டப்படும் மெஷினில் தவறான பொத்தானை அழுத்தினாலோ சிப் குறுக்கே நிற்காது. வாசல் கதவுக்கு இரும்புப் பூட்டு போட்டுவிட்டோம், கொல்லைக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

பட்டைக்கும் சிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பட்டையில் கார்டு எண், காலாவதித் தேதி, ஒரு சரிபார்ப்பு எண் ஆகியவை பதிந்திருக்கும். எத்தனை முறை தேய்த்தாலும் அதே விவரம்தான் வெளியே போகும். ஒருமுறை அதைப் படித்தவன் வெற்று அட்டை ஒன்றில் ஏற்றி இன்னொரு கார்டு செய்துவிடலாம். சிப்புக்குள்ளே ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, அது சிப்பைவிட்டு வெளியே வருவதில்லை. நீங்கள் கார்டைச் சொருகும் ஒவ்வொரு முறையும் தொகை, தேதி, மெஷின் அனுப்பும் ஒரு தற்செயல் எண், கார்டு எத்தனையாவது முறை பயன்படுகிறது என்ற கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து, அந்தச் சாவியைக் கொண்டு ஒரு குறியீட்டை சிப் உருவாக்கி அனுப்பும். இன்றைக்குச் செல்லும் குறியீடு நாளைக்குச் செல்லாது. திருடன் அதை ஒட்டுக்கேட்டாலும் பயனில்லை.

பிரான்ஸில் 1992-இலேயே வங்கிக் கார்டுகள் எல்லாவற்றிலும் சிப் வந்துவிட்டது. யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து வகுத்த ஈ.எம்.வி. என்ற தரம் பிறகு உலகமெங்கும் பரவியது. பிரிட்டனில் 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் பின் நம்பர் கட்டாயமானது. நம் ரிசர்வ் வங்கி, பட்டை மட்டும் உள்ள பழைய கார்டுகளை மாற்ற 2018 டிசம்பர் 31 வரை வங்கிகளுக்குக் கெடு வைத்தது. வளர்ந்த நாடுகளில் மிகவும் தாமதித்தது அமெரிக்காதான். சிப் மெஷின் வைக்காத கடைக்காரரே கள்ளக்கார்டு நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே 2015 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் பம்புகளுக்கு 2021 வரை விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

நாட்டுக்கு நாடு இருந்த இந்தக் கால இடைவெளியைத்தான் திருடர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பிரிட்டனில் பின் கட்டாயமான சில மாதங்களிலேயே, 2006 மே மாதம், ஷெல் நிறுவனம் தன் 600 பெட்ரோல் நிலையங்களில் சிப்-பின் முறையை நிறுத்திவைக்க நேர்ந்தது. வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் பறிபோயிருந்தது. மெஷின்களிலேயே கைவைத்து கார்டு விவரத்தையும் பின் நம்பரையும் எடுத்திருந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் கார்டுகளை வைத்து வெளிநாடுகளில் நடந்த மோசடி கிடுகிடுவென ஏறியது. பட்டை மட்டும் போதும் என்ற நாட்டுக்கு நகலை எடுத்துக்கொண்டு போனால் சிப்பைப் பற்றிய கவலையே இல்லையே!

நமக்கும் அந்த அடி விழுந்தது. 2016 அக்டோபரில் வெளியே தெரியவந்த அந்தக் கார்டுக் கசிவை மறந்துவிட முடியுமா? ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினி அமைப்பில் புகுந்த தீநிரல் வழியாக விவரங்கள் கசிந்ததாகச் சொல்லப்பட்டது. சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாகின, ஸ்டேட் வங்கி மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் கார்டுகளை மாற்றிக்கொடுத்தது. கார்டும் ஆளும் இந்தியாவில் இருக்க, பணம் சீனாவிலும் அமெரிக்காவிலும் போனது. இங்கே சேலத்திலோ செங்கல்பட்டிலோ பர்ஸுக்குள் பத்திரமாக இருக்கும் கார்டின் நகல் கடல் கடந்து தேய்க்கப்படலாம் என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

இப்போதெல்லாம் சிப் கார்டுதானே, பட்டை எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. பட்டையை எடுத்துவிடுவதாக மாஸ்டர்கார்டு 2021-இல் அறிவித்தது. ஆனால் அதன் கால அட்டவணைப்படி 2029-இலிருந்துதான் புதிய கார்டுகளில் பட்டை இருக்காது, முற்றிலும் மறைய 2033 ஆகிவிடும். அதுவரை பட்டை கார்டின் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கப்போகிறது. சிப்பைப் படிக்க முடியவில்லை என்றால் பட்டையைத் தேய்க்கச் சொல்லும் மெஷின்கள் உலகில் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கடையில் கார்டைச் சொருகியதும் கடைக்காரர் முகம் சுளித்து, “சிப் வேலை செய்யவில்லை, தேய்த்துவிடவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம். வேறு கார்டைக் கொடுங்கள், இல்லையென்றால் ரொக்கமாகக் கொடுங்கள். சிப் நிஜமாகவே பழுதாகியிருந்தால் அந்தக் கார்டைப் பயணம் முடியும்வரை பெட்டியிலேயே வையுங்கள்.

கார்டு சொருகும் துளைக்குள்ளே, வெளியே தெரியாதபடி, காகிதம்போல் மெல்லிய கருவியைச் செருகிவைக்கும் கும்பல்களும் உண்டு. அதனால் சிப்பை நகலெடுக்க முடியாது. ஆனால் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் அவர்களுக்குக் கிடைத்துவிடும், அதைக்கொண்டு பட்டைக் கார்டு செய்யப் பார்ப்பார்கள். ஒழுங்காகச் சரிபார்க்கும் வங்கி அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும், சரிபார்க்காத வங்கியில் பணம் போய்விடும். எனவே ஏ.டி.எம்.மிலோ ஆளில்லாத டிக்கெட் மெஷினிலோ கார்டு வழக்கத்துக்கு மாறாக இறுக்கமாகப் போனால் இழுத்து எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பின் நம்பரை அழுத்தும்போது மறுகையால் மறைத்துக்கொள்வது இன்றும் பலன் தரும் பழக்கம்தான். கேமரா வைத்திருப்பவனுக்கு அது ஒன்றுதான் தடை.

சிப்பையே ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள். 2010-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மர்டாக், சார் ட்ரைமர், ராஸ் ஆண்டர்சன், மைக் பாண்ட் நால்வரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திருடிய கார்டுக்கும் கடை மெஷினுக்கும் நடுவில் ஒரு சிறு மின்சுற்றை வைத்தால், எந்த நான்கு இலக்கத்தை அழுத்தினாலும் ‘பின் சரி’ என்று மெஷின் நம்பிவிடும் என்று செய்தே காட்டினார்கள். நடைமுறையில் யார் இதைச் செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது எழுந்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸில் ஒரு கும்பல் செய்துவிட்டது. திருடிய சுமார் 40 கார்டுகளின் சிப்பைப் பெயர்த்தெடுத்து, அதன்மேல் இன்னொரு சிப்பை ஒட்டி, பக்கத்து நாட்டுக் கடைகளில் ஏறத்தாழ 6 லட்சம் யூரோ வரை செலவழித்தார்கள். பிடிபட்ட அந்தக் கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பாரிஸ் ஆய்வாளர்கள் 2015-இல் அந்தத் தந்திரத்தை விளக்கினார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஐரோப்பிய வங்கிகள் பிறகு நடவடிக்கை எடுத்தன.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்டு தொலைந்து பணம் போனபின் வங்கிக்குப் போனால், “பின் போட்டுத்தானே பணம் போயிருக்கிறது, நீங்கள்தான் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள்” என்ற பதில் வரலாம். அதைக் கேட்டதும் தலைகுனிந்து திரும்பிவிடாதீர்கள். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே எழுதிவைத்துவிட்டது. நீங்கள் பின்னை யாரிடமும் சொல்லவில்லை என்றால் அதை எழுத்தில் கொடுத்து உறுதியாக நில்லுங்கள்.

பின் நம்பர் என்றதும் இன்னொரு தப்பெண்ணமும் வருகிறது. இந்தியாவில் சிப் கார்டைச் சொருகினால் பின் கேட்கும், ஆகவே உலகெங்கும் கேட்கும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்குப் பல கடைகளில் பின் கேட்பதே இல்லை. முன்பு கையெழுத்தாவது வாங்கினார்கள், 2018 ஏப்ரலில் பெரிய கார்டு நிறுவனங்கள் அதுவும் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன. அப்படியானால் நியூ ஜெர்சியில் ரயிலில் தவறவிட்ட கார்டை எடுத்தவன் நேரே கடைக்குப் போய்ச் சொருகினால் என்ன ஆகும்? நீங்கள் பிளாக் செய்யும்வரை அவன் வாங்கிக்கொண்டே போகலாம். தட்டிச் செலுத்தும் வசதியிலும் இதே கதைதான். இந்தியாவில் பின் இல்லாமல் தட்டக்கூடிய வரம்பு 5,000 ரூபாய், 2021 ஜனவரி 1-இலிருந்து. அந்த வரம்பு நம் நாட்டுக் கடைகளுக்கானது. போகிற நாட்டில் அந்த நாட்டுக் கணக்குதான். பிரிட்டனில் 2021 அக்டோபரில் அதை 100 பவுண்டாக உயர்த்தினார்கள். நம் காசில் அது 5,000 ரூபாயைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அமெரிக்கா போகும் பெற்றோருக்கு இன்னும் இரண்டு செய்தி. அங்கே பல ஓட்டல்களில் பரிமாறுபவர் பில்லோடு உங்கள் கார்டையும் உள்ளே எடுத்துப் போய்விடுவார். அது அந்த ஊர் வழக்கம், பதற வேண்டாம். ஆனால் கார்டு திரும்பி வந்தபிறகு நீங்கள் சீட்டில் டிப்ஸ் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள், கடைசித் தொகை அதற்குப் பிறகுதான் ஏறும். போனுக்கு முதலில் வந்த குறுஞ்செய்தித் தொகையும் ஸ்டேட்மென்டில் வரும் தொகையும் வேறாக இருக்கும். ஆகவே மொத்தத் தொகையை நீங்களே தெளிவாக எழுதுங்கள், உங்கள் நகலை எடுத்து வையுங்கள். அடுத்தது பெட்ரோல் பம்பு. மெஷின் அந்த ஊர் அஞ்சல் குறியீட்டைக் கேட்கும், நம் கார்டுக்கு அது பொருந்தாது. ஆளில்லாத பம்பில் ஏதேதோ எண்ணை அழுத்திப் பார்ப்பதைவிட உள்ளே கடையில் போய்ப் பணம் கட்டிவிட்டுப் போடுவது நல்லது. பழைய பம்புகளில்தான் விவரம் திருடும் கருவிகளை ஒட்டிவைக்கும் தொல்லையும் அதிகம்.

இனிச் சொல்லப்போவது திருட்டில் சேராது, சட்டப்படி நடப்பதுதான். ஆனால் நான் பார்த்தவரை நம் மக்கள் வெளிநாட்டில் அதிகம் ஏமாறுவது இதில்தான். பாங்காக் விமான நிலையமோ, துபாய் மாலோ, பாரிஸ் கடையோ, கார்டைச் சொருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், இன்னொன்று இந்திய ரூபாயில். “ரூபாயில் போடவா சார், உங்களுக்கு வசதியாக இருக்கும்” என்று விற்பனையாளர் புன்னகையோடு கேட்பார். தெரிந்த நாணயம் ஆயிற்றே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். தலையாட்டாதீர்கள்! ரூபாயைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியில், நாணய மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமையைக் கடைக்காரருக்கும் அவருடைய மெஷின் நிறுவனத்துக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். அவர்கள் விகிதத்தின் மேல் நான்கு, ஐந்து சதவீதமோ அதற்கும் மேலோ ஏற்றிவிடுவது சர்வ சாதாரணம். லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து சதவீதம் என்றால் ஐயாயிரம் ரூபாய் காற்றில் போயிற்று. ரூபாயில் போட்டதால் உங்கள் வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமாவது மிச்சமா என்றால், பல வங்கிகளில் அதுவும் இல்லை. கடை வெளிநாட்டில் பதிவானது என்பதால் ரூபாய் பில்லுக்கும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் இடி!

எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலர், தாய்லாந்தில் பாட், இலங்கையில் இலங்கை ரூபாய். கேட்காமலேயே ரூபாயில் போட்டுச் சீட்டை நீட்டினால், கையெழுத்திடாமல், பின் அழுத்தாமல், அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். தேர்வு செய்யும் உரிமை வாடிக்கையாளருடையது, கடைக்காரருடையது அல்ல என்பதுதான் கார்டு நிறுவனங்களின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, எவ்வளவு சதவீதம் கூடுதல் என்பதை வாங்குபவருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஏ.டி.எம். திரையிலும் இதே கேள்வி வரும். நாணய மாற்றை ஏற்கிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் பக்கத்து விகிதத்தில் வரும்.

உள்ளூர் நாணயத்தில் போட்டாலும் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதம்வரை மார்க்-அப் என்ற வெளிநாட்டுக் கட்டணம் உண்டு, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. லட்சம் ரூபாய் செலவழித்தால் 3,500 ரூபாய் மார்க்-அப், 630 ரூபாய் வரி, மொத்தம் 4,130 ரூபாய். மார்க்-அப் குறைந்த கார்டுகளும் இருக்கின்றன, கிளம்புமுன் உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். கிரெடிட் கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் ரொக்கம் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாக் காலம் என்பதே அதற்குக் கிடையாது.

சரி, கிளம்புமுன் என்ன செய்ய வேண்டும்? நம்மில் பலர் பயன்படுத்தாத ஓர் ஆயுதத்தை ரிசர்வ் வங்கி நம் கையில் கொடுத்திருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கப்படும் கார்டு இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் முதலில் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தட்டிச் செலுத்துவது எல்லாம் அணைந்தே இருக்கும். வேண்டியதை நாமே வங்கியின் ஆப்பில் சுவிட்ச் போட்டுத் திறக்கலாம், எந்த நேரத்திலும் அணைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக லிமிட் வைக்கலாம். உண்மையில் என்ன நடக்கிறது? எப்போதோ ஒருமுறை எல்லாவற்றையும் திறந்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். இன்றே ஆப்பைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. கார்டு எண், தேதி, முதுகிலுள்ள மூன்று இலக்கம் இருந்தால் போதும். நீங்கள் ஊரிலேயே இருந்தாலும், ‘வெளிநாட்டு இணையப் பயன்பாடு’ திறந்திருக்கும்வரை உங்கள் கார்டு ஆபத்தில்தான் இருக்கிறது. பயணத்தின்போதும் கடை மெஷினுக்கு மட்டும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, அன்றாடச் செலவுக்குத் தேவையான அளவுக்கு லிமிட் வையுங்கள். பெரிய தொகை கொடுக்க வேண்டிய நாளில் ஆப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஆப் அங்கே திறக்குமா? இதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். விமானம் இறங்கியதும் நம் ஊர் சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம்மைப் போடுகிறோம். அந்த நிமிடத்திலிருந்து வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வராது, ஓ.டி.பி. வராது, சிம்மோடு பிணைக்கப்பட்ட வங்கி ஆப்பும் திறக்காமல் போகலாம். கார்டில் யாரோ வாங்கிக்கொண்டே இருப்பார்கள், உங்களுக்குத் தெரியாது. நம் ஊர் சிம்மில் ரோமிங்கைக் கிளம்புமுன்பே இயக்கிவைத்து, இரண்டு சிம் போடும் போனில் அதையும் வைத்திருங்கள். வீட்டிலேயே டேட்டாவை அணைத்து வைஃபையில் மட்டும் ஆப் திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் 1800 என்று தொடங்கும் இலவச எண்ணை நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் அது கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று வங்கி கொடுத்திருக்கும், பிளஸ் 91-இல் தொடங்கும் எண்ணை வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்து, ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அவசரத்தில் கூகுளில் தேடினால் போலி கஸ்டமர் கேர் எண் கிடைத்து, பட்ட காலிலேயே படும். கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், முழு எண்ணை வேண்டாம். இரண்டு வங்கிகளின் இரண்டு கார்டுகளை எடுத்துப் போய், ஒன்றை அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். பர்ஸ் போனாலும் கையில் ஒன்று மிஞ்சும்.

இன்னொரு பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். ஓட்டல் முன்பதிவுக்கென்று கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் டிராவல் ஏஜென்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் படம் யார் யார் போனில் எத்தனை காலம் கிடக்கும்? உள்நாட்டில் 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள்கூட உங்கள் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கடைக்காரருக்கே வேண்டாம் என்று சொன்னதை நாமே படம் பிடித்து ஊருக்கு அனுப்பலாமா?

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். ரிவார்டு பாயின்ட் இன்றோடு முடிகிறது, கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும், கார்டு பிளாக் ஆகப்போகிறது என்றெல்லாம் வரும் அழைப்புகளும், வாட்ஸ்அப்பில் வரும் ஆப் கோப்புகளும் ஓ.டி.பி.யைப் பிடுங்கத்தான். அந்த ஓ.டி.பி. எதற்கு என்று குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும், நிதானமாகப் படியுங்கள். சில நாடுகளில் உங்கள் கார்டைத் திருடன் தன் போன் வாலட்டில் சேர்த்துக்கொள்ளவே ஓ.டி.பி.யைக் கேட்டிருக்கிறான். சேர்த்துவிட்டால் அதன்பின் அவன் போனே உங்கள் கார்டு. இதைவிடப் புதிய வித்தை ஒன்றும் வந்திருக்கிறது. செக் குடியரசில் மூன்று வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ‘என்கேட்’ என்ற தீநிரலைப் பற்றி ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2024 ஆகஸ்டில் எச்சரித்தது. வங்கி ஆப் என்று நம்பி அதை ஏற்றியவர்களிடம், கார்டைப் போனின் பின்புறம் வைத்துப் பின் நம்பரைப் போட்டுச் சரிபார்க்கச் சொன்னார்கள். வைத்த நொடியில், சிப் தரும் தகவல் அப்படியே தூரத்தில் நிற்கும் திருடனின் போனுக்குப் போனது. அவன் அங்கே ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தான். சிப்பை உடைக்கவில்லை, நகலெடுக்கவுமில்லை. கார்டு வைத்திருப்பவரின் கையாலேயே அதை வேலை செய்ய வைத்தான். அடையாளம் தெரியாத எவர் சொன்னாலும், எந்த ஆப் கேட்டாலும், உங்கள் கார்டை உங்கள் போனில் ஒட்டிக் காட்டாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இதை இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

அத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால்? நேரம்தான் எல்லாம். முதலில் ஆப்பிலேயே கார்டை அணைத்து பிளாக் செய்யுங்கள், பிறகு வங்கியை அழைத்துப் புகார் எண்ணை வாங்குங்கள், அதன்பின் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்கள் ஆகிவிட்டால், 5 லட்சம் ரூபாய்வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்குமேல் லிமிட் உள்ள கார்டுக்கு 25,000 ரூபாயும் நீங்கள் ஏற்க வேண்டி வரலாம். ஏழு நாளும் தாண்டினால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். நீங்களே ஓ.டி.பி.யையோ பின்னையோ கொடுத்திருந்தால், தெரிவிக்கும் நேரம்வரை போனது உங்கள் தலையில். தெரிவித்தபின் போவது வங்கியின் தலையில். அதனால்தான் “ஊருக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம் கொடியது. மூன்று நாளும் அங்கேயே கழிந்துவிடும்!

புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தியாவில் இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் உடனே அழையுங்கள். வெளிநாட்டில் கார்டு திருடுபோனால் அந்த ஊர் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள், வங்கியும் பயணக் காப்பீட்டு நிறுவனமும் அதைக் கேட்கக்கூடும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஊர் திரும்பியதும் ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை அணையுங்கள். ஓட்டல், வாடகைக் கார், சுங்கச்சாவடிக் கணக்குகள் சில வாரம் கழித்தும் வரும். ஆகவே அடுத்த இரண்டு ஸ்டேட்மென்டுகளை, கடைச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பாருங்கள். பெரிய தொகைகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடன் முதலில் ஒரு டாலர், இரண்டு டாலரில்தான் சோதித்துப் பார்ப்பான். பெயர் தெரியாத கடையிலிருந்து அப்படி ஒரு சின்னத் தொகை தெரிந்தால் அடுத்த தொகை வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அந்தக் கார்டை ரத்து செய்து புதிய எண்ணில் கார்டு வாங்குங்கள்.